சாட்சி சொன்னதற்காக நிறுத்திய மாத்திரை

எங்கள் ஊர்ப் பக்கம், பாறசாலையில், மருந்துக்கடை இல்லாமல் இல்லை. ஆனால் அங்கே மருந்து எடுத்துக் கொடுப்பவர் எங்கள் சபைப் பாடகர் குழுவில் இருக்கிறார். நெய்யாற்றின்கரையில் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் பக்கத்திலும் ஒன்று உண்டு. அந்தக் கடைப் பெண் என்னோடு ஒரே பஸ்ஸில் வருகிறவள். ஆகவே மாதம் ஒருமுறை வேலை முடிந்ததும் வீட்டுக்கு எதிர்த்திசையில் பஸ் ஏறி, பாலராமபுரம் போய் என் மாத்திரையை வாங்கி வருவேன். வந்ததும் அட்டையிலிருந்து பிதுக்கி, காலியான கால்சியம் டப்பாவில் போட்டு வைப்பேன். யார் வந்து பார்த்தாலும் நாற்பத்தெட்டு வயதுக்காரிக்குக் கால்சியம் என்று நினைத்துக்கொள்ளட்டும்.

யார் வந்து பார்த்தாலும் என்று எழுதிவிட்டேன். யார் வந்தார்கள்? கணவர் மஸ்கட்டில். மகன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். கொல்லயிலில் தென்னைகளுக்கு நடுவே அந்த வீட்டில் நானும் ஒரு டிவியும்தான்.

மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய மழைக்காலம் முழுக்க, குளிப்பதே எனக்குப் பெரிய வேலையாக இருந்தது. மீன்காரி வாசலில் நின்று கூப்பிட்டால் உள்ளே மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். காலையில் கண் விழித்ததும், இன்னும் இருக்கிறேனே என்று எரிச்சல் வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்துதான் நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். அவர் தமிழும் மலையாளமுமாகக் கலந்து சொன்னார்: "முதல் ரெண்டு வாரம் ஓக்கானம் வரும், உறக்கம் கெடும். கொணம் தெரிய ஒரு மாசம் கூட ஆகும். மோசமான எண்ணம் கூடுனா உடனே எனக்கு போன் விளிக்கணும். பின்னே, சுகமாச்சுன்னு தானா நிறுத்தப்பிடாது, கேட்டோ."

அவர் சொன்ன மாதிரியே குமட்டல், உறக்கக்கேடு எல்லாம் வந்தது. நாலாவது வாரம் பஸ்ஸில் யாருடைய சோற்றுப் பொதியிலிருந்தோ பொரித்த சாளை மீன் மணம் வந்தது. எனக்குப் பசித்தது! எத்தனை மாதம் கழித்து! வீட்டுக்குப் போய் உலை வைத்து, சூடாகச் சோறு தின்றேன்.

ஆனால் அழுகையும் போய்விட்டது. துக்கத்துக்கு மட்டுமல்ல, எதற்குமே கண்ணில் தண்ணீர் வரவில்லை. மகன் வேலை கிடைத்தது என்று போனில் கத்தியபோது, "சந்தோஷம் மக்கா" என்றேன், எழுதி வைத்ததை வாசிப்பது போல. "ஒனக்க சத்தம் என்ன சப்புன்னு இருக்கு?" என்று கணவர் கேட்டார். ஜலதோஷம் என்றேன். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருகிற மனுஷனிடம் போனில் என்னத்தைச் சொல்ல?

அப்போதுதான் எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்துக்காரிகள் மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். "எக்கா, ஒங்க முகமே தெளிஞ்சிட்டு. ஜெபம் கேக்கப்பட்டுல்லா? பெண்கள் ஞாயிறுக்கு நீங்களாக்கும் சாட்சி சொல்லணும்" என்றார்கள். டீ குடித்தார்கள், சிரித்தார்கள், ஒரு மணி நேரம் இருந்தார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே சரி என்றேன்.

ஞாயிறன்று, கர்த்தர் செய்ததை எல்லார் முன்னும் சொல்லும் அந்தச் சாட்சிக்காக எழுந்து நின்று, "மனசு ஒடிஞ்சு கெடந்தேன், கர்த்தர் தூக்கி எடுத்தார்" என்றேன். அதில் பொய் இல்லை. "ஸ்தோத்திரம்" என்று சபை முழுக்கச் சொன்னது. எத்தனை முகங்கள் என்னைப் பார்க்கின்றன! அந்தப் பெருமையில் நாக்கு நீண்டது. "எந்த மருந்தும் இல்லாம" என்று சேர்த்துவிட்டேன்.

அன்று சாயந்திரம் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு யோசித்தேன். இதை விழுங்கினால் நான் கள்ளச் சாட்சிக்காரி. விழுங்காவிட்டால் சொன்னது உண்மையாகிவிடும். கூறுகெட்டவள், அப்படித்தான் யோசித்தேன். மூடி வைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள், கண்ணைத் திருப்பும்போதெல்லாம் தலைக்குள் சுரீரென்று கரண்டு அடித்தது. பஸ்ஸில் நிற்க முடியவில்லை. கொஞ்ச நாளில் அது அடங்கியது. ஆனால் இரண்டு மாதத்துக்குள் பழைய எரிச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. மறுபடி போனபோது டாக்டரம்மா நன்றாகவே திட்டினார். "ஜெபிக்காண்டாம்னு நான் சொன்னேனா? ஜெபிக்கணும், மருந்தும் குடிக்கணும். நிறுத்த வேண்டிய நேரம் வந்தா நானே கொறைச்சுக் கொறைச்சு நிறுத்தித் தருவேன்." அழுகை வராததையும் அப்போதுதான் சொன்னேன். "அத ஆத்தியமே, மொதல்லயே சொல்லாண்டாமா? அளவ மாத்திப் பாக்கலாம்" என்றார்.

மருந்தை மறுபடி தொடங்கி, மெல்லத் தலை தூக்கிய சமயத்தில், சபையில் எனக்கு முன்வரிசையில் உட்காரும் ஒரு அம்மா பஸ் ஸ்டாப்பில் என் கையைப் பிடித்தாள். "எக்கா, எனக்க மோளும் மனசுக்குக் குளிக குடிச்சிட்டிருந்தா. ஒங்க சாட்சி மனசுல கெடந்துது பாத்தியளா, போன வாரம் நிறுத்திட்டேன். இப்பம் அவ அறைய விட்டு வெளிய வரல்ல. ஜெபிக்க வாறியளா?"

 அப்படியே அவளோடு காரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். கூடத்தில் உட்கார்ந்ததும் ஜெபிக்கவில்லை. இப்போதெல்லாம் பையிலேயே வைத்திருந்த கால்சியம் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்து, "இது எனக்க மாத்திரை. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

அவள் டப்பாவைத் திறந்து பார்த்தாள். "பின்ன எதுக்கு எல்லாரும் கேக்க அப்பிடிச் சொன்னிய?"

"எனக்கு ஆருமில்ல. அன்னைக்கு எல்லாரும் என்னப் பாத்திய. அதுக்குத்தான்."

அறைக்கதவு திறந்தது. பத்தொன்பது வயதுப் பெண். தலை வாரி எத்தனை நாளோ. என்னிடம்தான் பேசினாள். "நான் நிறுத்தல்ல ஆன்ட்டி. அம்ம எடுத்து ஒளிச்சு வச்சிட்டா. நான் தெனமும் கேட்டேன். ஒங்க சாட்சியச் சொல்லியாக்கும் தராம இருந்தா."

அங்கிருந்தே டாக்டரம்மாவைப் போனில் கூப்பிட்டேன். சின்ன வயசு, தனியே விடாதீர்கள், இப்போதே கூட்டி வாருங்கள் என்றார். நெய்யாற்றின்கரைக்கு ஆட்டோவில் போனோம். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. பெண் நடுவில் உட்கார்ந்து என் முந்தானையைப் பிடித்திருந்தாள்.

அடுத்த ஞாயிறு யாரும் கேட்காமலே எழுந்து நின்றேன். "நான் மருந்து குடிச்சாக்கும் எழும்புனேன். இன்னைக்கும் குடிச்சிட்டுத்தான் வந்திருக்கேன். ஆரும் என்னக் கேட்டு நிறுத்தாதீங்க" என்றேன்.  போதகர் அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

அதற்குப் பிறகு சங்கத்துக்காரிகள் யாரும் என் வீட்டுப் படி ஏறவில்லை. அந்தப் பெண் மருந்து குடிக்கிறாள், காலேஜுக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். எனக்கு அது போதும் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போதவில்லை. ஆனாலும் மறுபடி நிற்கச் சொன்னால் அந்த இரண்டாவது சாட்சியையேதான் சொல்வேன்.