என் மனைவிக்காகப் பாடிய ஒப்பாரி

என் மனைவி காய்ச்சலில் இறந்தபோது நான் பெங்களூரில் ஒரு பட்டாள முகாமில் அண்டா கழுவிக்கொண்டிருந்தேன். கடிதம் தாமதமாக வந்தது. லீவு தரவில்லை. சொல்லாமல் கிளம்பித் திருத்தணி ஸ்டேஷனில் இறங்கியபோது கருமாதியும் முடிந்திருந்தது.

"புல்லுக்காரி ஒப்பாரி வெச்சா பாரு, அந்த மாதிரி நாங்க கேட்டதே இல்ல" என்றார்கள் தெருப் பெண்கள். என்ன பாடினாள் என்று கேட்டேன். ஒருத்தியும் சொல்லவில்லை.

ஜட்கா வண்டிக் குதிரைகளுக்குப் புல் அறுத்து விற்பவள் புல்லுக்காரி. அவள் தகப்பன் பஞ்சத்தில் கடப்பைச் சீமையிலிருந்து வந்து ரயில் பாதைக்கு ஜல்லி உடைத்தவர். வீட்டில் பேசுவது தெலுங்கு. ஒப்பாரி கட்டுவது மட்டும் தமிழில். எழுத்து தெரியாது. சாவு வீட்டில் உட்கார்ந்து, பெண்கள் அழுகையினூடே சொல்வதைக் கேட்டு அங்கேயே கட்டுவாள். ஒருவருக்குக் கட்டியதை இன்னொருவருக்குப் பாடமாட்டாள்.

அவளிடம் போனேன். "அக்கா, ஒரு தரம் பாடு."

"சாவு வுழாத ஊட்டுல ஒப்பாரி வெச்சா சாவக் கூப்பிட்டா மாதிரி நைனா. ஊரு சுத்திகினு வந்து இப்போ பாட்டு கேக்கிறியா? போய் சோறு துன்னு."

அதனால் அவள் போகும் சாவு வீடுகளுக்கெல்லாம் நானும் போனேன். எங்காவது அந்தப் பாட்டின் ஒரு வரியாவது அவள் வாயில் வராதா என்றுதான் முதலில் போனது. பிறகு, கேட்டதை விட்டுவிட மனமில்லாமல் எழுத ஆரம்பித்தேன். மூன்றாம் வகுப்புப் படிப்பு. யுத்த காலத்தில் காகிதம் ஏது? கூட்ஸ் ஆபீஸில் கழித்துப்போட்ட ரசீதுகளின் பின்பக்கம் எழுதினேன். "எமனோட கணக்குப்பிள்ள வந்துட்டான்டி" என்று பெண்கள் அழுகைக்கு நடுவே சிரிப்பார்கள்.

அம்மையார்குப்பத்தில் ஒரு நெசவாளி இறந்தபோது அவன் மனைவிக்காக அவள் கட்டியது:

பாவு அறுந்த நேரமெல்லாம் பாத்துப் பாத்து முடிச்சுப் போட்டே
மூச்சு அறுந்த நேரத்துல முடிச்சுப் போட ஆளு இல்லியே

எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. ரேணிகுண்டா, அரக்கோணம் என்று போய்விடுவேன். அப்போது விழுந்த சாவுகளின் பாட்டெல்லாம் போனதுதான்.

ஒரு நாள் புல்கட்டை இறக்கிவிட்டு, எழுதியதைப் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"என்னா நைனா, தபால்காரன் லெட்டர் படிக்கிறாப்ல படிக்கிற."

"ராகம் இல்லாம படிச்சா தோஷம் இல்லியே அக்கா. அதே மாதிரி என் பொண்டாட்டிக்குப் பாடனத நீ சும்மா சொல்லேன்."

வெகுநேரம் அரிவாளைத் தட்டிக்கொண்டிருந்தாள். "அது அவளுக்குப் பாடனது. உனுக்கில்ல" என்றாள். பிறகு நான் கேட்கவில்லை.

யுத்தம் முடிந்து இரண்டு மழை கழித்து அவளைப் பாம்பு கடித்தது. உடலைக் கிடத்தியிருந்தார்கள். அவளுக்கு ஒப்பாரி கட்ட யாருக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரம் வெறும் அழுகைதான். பிறகு ஒருத்தி, தன் மகன் செத்தபோது புல்லுக்காரி கட்டிக்கொடுத்ததையே எடுத்துப் பாடினாள். அடுத்தவள் தன் புருஷனுக்குக் கட்டியதைப் பாடினாள். ஒவ்வொரு வீட்டுப் பாட்டாக வந்தது. நான் தவறவிட்டவையும் வந்தன. கை வலிக்க எழுதினேன்.

என் மனைவியின் உடலைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுக்காரி மார்பில் அடித்துக்கொண்டு ஆரம்பித்தாள்.

ரயிலு வந்து நிக்கையில எல்லாம் ரெண்டு தட்டு எடுத்து வெச்சே
வந்து எறங்கும் சனத்துக்குள்ள...

என்னைப் பார்த்துவிட்டாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மற்றப் பெண்களும் தலை குனிந்துகொண்டார்கள். நான் இருக்கும்வரை அவள் பாடமாட்டாள் என்று தெரிந்தது. பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்து தெருக்கோடிவரை போய் நின்றேன்.

சாவு மேளச் சத்தத்தில் வார்த்தை ஒன்றும் பிடிபடவில்லை, ராகம் மட்டும் வந்தது. அவ்வளவு நீளமான பாட்டாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை.