நான் துடைத்தெடுத்த துரு

சென்ற வருடம் ஆனி மாதம், பாம்பனில் எங்கள் வீட்டில் நடந்தது இது.

நான் ஒரு ஐஸ் பிளான்டில் சூப்பர்வைசர். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. என் வேலையில் பாதி, துருவோடு மல்லுக்கட்டுவதுதான். எங்கள் ஊரில் இரும்பு என்று எதையும் நம்பி வைக்க முடியாது. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், பீரோவின் கால் என்று உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்றுவிடும். வீட்டிலும் ஞாயிற்றுக்கிழமையானால் மண்ணெண்ணெய்த் துணியோடுதான் உட்கார்ந்திருப்பேன்.

எங்களுக்கு ஒரே மகள். கம்ப்யூட்டர் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். மற்ற நேரத்தில் அவளுக்கு இன்னொரு வேலை உண்டு. வீடியோ கேம்களில் வருகிற பாத்திரங்களை ஒன்றரை அடி உயரத்துக்குச் சிலையாகச் செய்து விற்கிறார்கள். அதை வாங்கிச் சேர்க்கிறவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்களாம். என் மகள் அந்தச் சிலைகளை மதிப்பிட்டு வீடியோ போடுவாள். முகம் விளையாட்டில் இருப்பது போலவே வந்திருக்கிறதா, பாகங்கள் சேருகிற இடத்தில் இடைவெளி தெரிகிறதா, வண்ணம் எப்படி என்று லென்ஸ் வைத்துப் பார்த்துப் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போடுவாள். யார் கெஞ்சினாலும் அரை மார்க் கூட்டிப் போட மாட்டாள். அதனால்தான் அவள் பேச்சுக்கு மதிப்பு. இருபத்துநான்கு வயதுப் பெண் பொம்மைக்கு மார்க் போட்டுக்கொண்டிருக்கிறாளே என்று எனக்கு உள்ளுக்குள் கவலைதான்.

அதுவரை அவள் தன் சம்பளத்தில் வாங்கிய சிலைகளைத்தான் மதிப்பிட்டு வந்தாள். முதல் தடவையாகக் கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் தன் சொந்தச் சிலையை நம்பி அனுப்பியிருந்தார். கவசம் போட்ட ஒரு பெண் போர்வீரரின் சிலை. பார்சல் பிரித்த அன்று மகள் அறையைவிட்டு வெளியே வரவே இல்லை.

"மீன் கொழம்பு ஆறுது. அந்தப் பொம்பளைக்கும் சேத்து எலை போடவான்னு கேளுங்க" என்றாள் என் மனைவி.

ஒரு வாரம் கூடவே வைத்திருந்து பார்த்த பிறகுதான் மார்க் போடுவது மகளின் வழக்கம். அதுவரை எங்களை அறைக்குள் விட மாட்டாள். ஐந்தாவது நாள் தோழியின் கல்யாணத்துக்காக ராமநாதபுரம் போனாள். மதியம் மேற்கிலிருந்து கச்சான் காற்று பலமாக அடித்தது. காலையில் அவள் கிளம்பிய பிறகு, காற்றாடட்டும் என்று நான்தான் அவள் அறை ஜன்னலைத் திறந்து வைத்திருந்தேன். அதைச் சாத்தப் போனபோதுதான் அந்தச் சிலையை முதன்முறையாகக் கிட்டத்தில் பார்த்தேன்.

தோள் கவசம், முழங்கால் தகடு, வாளின் விளிம்பு எல்லாம் செம்பழுப்பாகத் துரு. ஊரான் பொருள். நம்பி அனுப்பியது. நான் திறந்துவைத்த ஜன்னலால் கெட்டுப்போயிற்று. மகள் வருவதற்குள் சரிசெய்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. அரை நாளில் இவ்வளவு துரு ஏறுமா என்று யோசிக்கவில்லை, அது இரும்புதானா என்று தட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மண்ணெண்ணெய் நனைத்த துணியோடு உட்கார்ந்தேன். மனைவி வாசலில் நின்றபடி, "அவ வந்து வையப் போறா. தொடாதீங்க" என்றாள்.

"துரு புடிச்சுக் கெடக்குடி. பாத்தா புள்ள மனசு ஒடஞ்சு போகும்."

துணியில் பழுப்பு இறங்க இறங்க எனக்கு ஆறுதலாக இருந்தது. குனிந்த தலை நிமிராமல் இரண்டு மணி நேரம். கடைசியில் விரல்நுனியால் லேசாக எண்ணெயும் பூசினேன். சிலை பளபளவென்று நின்றது. எனக்கே பெருமையாக இருந்தது.

சாயங்காலம் மகள் வந்தாள். தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் அப்படியே நின்றாள்.

"யாருப்பா தொட்டது?"

"நான்தாம்மா. துரு ஏறிப்போச்சு. பயப்படாத, பூராத்தையும் எடுத்துட்டேன்."

அவள் கோபப்படவில்லை. என் ஆள்காட்டி விரலைப் பிடித்து, நகத்தால் தோள் கவசத்தைத் தட்டிக் காட்டினாள். இரும்புச் சத்தம் வரவில்லை.

"இதுல இரும்பே இல்லப்பா. பிளாஸ்டிக் மாதிரி, ரெசின். பல வருசம் போர்ல கெடந்த கவசமாத் தெரியணும்னு, ஒருத்தர் உக்காந்து கையால தீட்டுன துரு அது."

"பூராவும் பெயின்டா?"

"பூராவும்."

முகம் கழுவிவிட்டு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டாள். வெளியே நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. "தப்பு என்னோடதுதான் சார். சுத்தம் பண்ணும்போது கவனமில்லாம தொடச்சிட்டேன். வீட்ல வேற யாரும் தொடல."

அரை மார்க்குக்குப் பொய் சொல்லாதவள். இனி யார் இவளை நம்பிச் சிலை அனுப்புவார்கள்? அது தெரிந்தும், எனக்காக அந்தப் பெயரை அவளே கெடுத்துக்கொள்கிறாள். பிளான்டில் ஒருமுறை மெஷின் பெல்ட் அறுந்து என் காதோரம் போனது. அன்றுகூட நான் அப்படிப் பயந்ததில்லை.

உள்ளே போய்க் கையை நீட்டினேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். நானே போனை வாங்கிக்கொண்டேன்.

"தம்பி, புள்ள சொன்னது பொய். தொடச்சது நான். அவ அப்ப ஊர்லயே இல்ல. ஐஸ் பிளான்ட்ல இருபத்தாறு வருசமா துருவோட கெடக்குற ஆளு நான். நெசத் துருன்னு நெனச்சிட்டேன்."

"ரெண்டு வருசம் காத்திருந்து வாங்கினதுங்க" என்றார் அவர். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிறகு, "இருபத்தாறு வருசம் பார்த்தவருக்கே தெரியலீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல தம்பி."

"கிட்டத்துல பார்த்துமா?"

"கிட்டத்துல பாத்துத்தான் தொடச்சேன்."

அவரிடமிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம். போனை மகளிடம் கொடுக்கச் சொன்னார்.

நான் துடைப்பதற்கு முன் அவள் எடுத்திருந்த படங்களை வைத்தே மதிப்பீட்டை முடித்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் வீடியோவில் சொன்னாள். வண்ணத்துக்கு ஒன்பதரை. அவள் அதுவரை யாருக்கும் போடாத மார்க். காரணமாக என் கதையையே சொன்னாள். சிலையைப் பாதுகாத்ததற்குத் தனக்குத் தானே பூஜ்யம் போட்டுக்கொண்டாள். கோயம்புத்தூர்க்காரர் சிலையை அப்படியே திருப்பி அனுப்பச் சொன்னார். அதன்பின் அவர் வேறு எதையும் அனுப்பவில்லை. எனக்கு அந்த வருத்தம் உண்டு.

"நல்லவேளை, சர்ச் சாவிய இவருகிட்ட யாரும் குடுக்கல. அங்க இருக்குற பழைய சிலையெல்லாம் தொடச்சு வச்சிருப்பாரு" என்று என் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அன்று படுக்கப் போகும் முன் மகளிடம், "ஏம்மா எனக்காகப் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"ரெண்டு மணி நேரம் குனிஞ்சு உக்காந்து தொடச்சிருக்கீங்க" என்றாள். "கழுத்து வலிக்கலையாப்பா?"

அவளைப் பற்றிய என் கவலைகள் தீர்ந்துவிட்டன என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவள் வாழ்க்கையில் எனக்குப் புரியாத ஒன்றைப் பார்க்கும்போது, சரிசெய்யக் கிளம்பும் முன் "இது இப்படித்தான் இருக்கணுமாம்மா?" என்று கேட்டுவிடுகிறேன், அவளும் கேலி செய்யாமல், பக்கத்தில் உட்கார்ந்து பதில் சொல்கிறாள்.