கண்ணுக்குள் கசிந்த ரத்தம்

இருபது வருஷம் கீறல் விழாமல் பஸ் ஓட்டியவர், மூளையில் ரத்தம் கசிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். நாலாம் நாள் காலை, மனைவி நீட்டிய டம்ளரை விட்டுவிட்டு வெறுங்காற்றைப் பிடித்தார்.

“ஏங்க, கண்ணு தெரியலையா?”

“வலது கண்ணுல கறுப்பா ஏதோ மிதக்குது. உன் மூஞ்சி பாதிதான் தெரியுது, அதுவும் நல்லதுக்குத்தான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. “அசதியா இருக்கும்மா” என்ற நர்ஸை நச்சரித்துக் கண் டாக்டரை வரவழைத்தாள். விளக்கடித்துப் பார்த்தவர் முகம் மாறியது.

“கண்ணுக்குள்ள ரத்தம் இருக்கு. தலைக்குள்ள மறுபடி கசிஞ்சு, அந்த அழுத்தத்துல இது வந்திருக்கலாம். உடனே ஸ்கேன் எடுக்கணும்.”

கசிந்துதான் இருந்தது. ஆபரேஷன் அறை வாசலில் ஐந்து மணி நேரம் உட்காரவும் முடியாமல், நிற்கவும் முடியாமல் தவித்தாள். அவர் பிழைத்துக்கொண்டார். கண் தெளிய மாதங்கள் பிடித்தன. பஸ்ஸை மட்டும் அப்புறம் அவர் தொடவில்லை.