இடைவேளையில் வந்த எதிரணிக்காரி

மூன்று வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பெங்களூரில் ஒரு கால்பந்து மைதானத்தில் இது நடந்தது. மதியம் மூன்றரை மணிக்கு ஆட்டம். பெண்களுக்கான மாநில லீக்கில் எங்கள் அணிக்கு அதுதான் கடைசிப் போட்டி. எனக்கு அப்போது இருபத்தேழு வயது. நான் மிட்ஃபீல்டர். களத்தின் நடுவில் நின்று, பின்னால் இருப்பவர்களிடமிருந்து பந்தை வாங்கி முன்னால் இருப்பவர்களுக்குக் கொடுப்பது வேலை. கோல் போடுவது அபூர்வம். பேப்பரில் பெயர் வருவது அதைவிட அபூர்வம்.

பத்தொன்பது வயதிலிருந்து கிளப்புகளுக்கு ஆடிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம் ஒரு சீசனுக்குத்தான் போடுவார்கள். சீசன் முடிந்தால் அடுத்த கிளப் கூப்பிடும்வரை வைட்ஃபீல்டில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் ஜிம்மில் வேலை. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க, தேசிய லீக்கில் ஆடும் வெளிமாநில கிளப் ஒன்றிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மிட்ஃபீல்டர் தேவை. அவர்கள் கையிலிருந்த பட்டியலில் இரண்டு பெயர். ஒன்று என்னுடையது. இன்னொன்று எதிரணியின் எட்டாம் நம்பர். இருவரையும் ஒரே ஆட்டத்தில் பார்த்து ஒருத்தியை எடுப்பதாகத் திட்டம். இது ரகசியம் இல்லை, இரண்டு அணிக்கும் தெரியும். இருபத்தேழு வயதில் தேசிய லீக்குக்குப் போகாதவளை இருபத்தெட்டில் யாரும் கூப்பிடமாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும்.

எட்டாம் நம்பர் பெங்களூரின் ஆடுகோடிக்காரி, நான் அதே ஊர் ஜோகுபாளையம். இரண்டு பேரும் தமிழ் வீட்டுப் பெண்கள். சின்ன வயதில் ஒரு கோடைக்காலப் பயிற்சி முகாமில் சேர்ந்து இருந்திருக்கிறோம். அதற்குப் பிறகு எப்போதும் எதிரெதிர் அணிதான். சிநேகிதி என்று சொல்ல முடியாது, சண்டையும் கிடையாது. அவள் திரும்பும்போது எந்தக் காலில் பாரம் வைப்பாள் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டில் எத்தனை பேர் என்று தெரியாது.

ஆட்டத்துக்கு நான்கு நாள் முன்பு, புதன்கிழமைப் பயிற்சியில், மிக அருகிலிருந்து உதைத்த பந்து என் இடது கண்ணில் பட்டது. வீங்கியது. ஐஸ் வைத்தேன், மறுநாள் வீக்கம் வடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கண்ணோரத்தில் மின்னல் மாதிரி ஏதோ வெட்டியது. பிறகு கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. சனிக்கிழமை காலை பல் தேய்க்கும்போது வலது கண்ணில் தண்ணீர் தெறித்து அதை மூடினேன். இடது கண்ணுக்கு வாஷ்பேசினின் குழாய் தெரிந்தது. அதற்குக் கீழே, இடது ஓரத்தில் இருக்கவேண்டிய சோப்புப் பெட்டி தெரியவில்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறமாக ஒரு நிழல் இருந்தது.

இரண்டு கண்ணையும் திறந்தால் எல்லாம் சரியாக இருந்தது. அதனால் திறந்தே வைத்திருப்பது என்று முடிவு செய்தேன். அம்மாவிடமும் சொல்லவில்லை. திங்கட்கிழமை டாக்டரிடம் போய்க்கொள்ளலாம், நடுவில் இருப்பது ஒரே ஒரு ஆட்டம் என்று நினைத்தேன்.

மிட்ஃபீல்டரின் தொழில் பந்தைப் பார்ப்பது இல்லை. பந்து வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கும் மேலாகத் திரும்பி, யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்வதுதான். அந்த முகாமில் இதற்கென்றே ஒரு பயிற்சி உண்டு. பந்து நம்மை நோக்கி உருண்டு வரும். பின்னால் நிற்கிறவள் கை விரல்களை நீட்டி, "எத்தனை?" என்பாள். திரும்பிப் பார்த்து எண்ணைச் சொல்லிவிட்டுத்தான் பந்தைத் தொடவேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு இது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது மாதிரி ஆகிவிடும்.

இப்போது என் இடது தோள் பக்கம் பாதி இல்லை. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். வழக்கமாக நடுவில் நிற்கிறவள், அன்று இடது ஓரமாக ஆடுகிறேன் என்று கோச்சிடம் கேட்டேன். எனக்கு இடது பக்கம் எல்லைக்கோடு இருந்தால் அங்கிருந்து அதிகம் பேர் வரமாட்டார்கள் என்று கணக்கு. கோச் வேறு காரணம் நினைத்துக்கொண்டு சம்மதித்தார். ஆட்டத்துக்கு முன், காயங்களைக் கவனிக்கும் எங்கள் பிசியோ அக்கா, புதன்கிழமை பட்ட அடிக்காக விரலை முகத்துக்கு முன் நகர்த்திக் கண்ணைச் சோதித்தார். இரண்டு கண்ணும் திறந்திருந்தன, தேறிவிட்டேன்.

ஆட்டம் தொடங்கிப் பதினெட்டாவது நிமிடத்தில் எட்டாம் நம்பர் என்னிடமிருந்து முதல்முறை பந்தைப் பறித்தாள். இடது பக்கத்திலிருந்து, கோட்டை ஒட்டி வந்தாள். அவள் ஷூ என் காலுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இருபத்தாறாவது நிமிடத்தில் மறுபடி, அதே பக்கம். இரண்டாவது முறை அவர்கள் அடித்த பந்து எங்கள் கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கேலரியில் இருந்த அந்த இரண்டு பேரில் ஒருவர் குனிந்து எதையோ எழுதினார்.

பந்து வெளியே போய், எங்கள் அணி த்ரோ எடுக்கக் காத்திருந்தது. அவள் என்னை ஒட்டி, இடது பக்கம் வந்து நின்றாள்.

"என்னாடி, இந்தப் பக்கம் திரும்பவே மாட்ற?"

"உன் மூஞ்சிய வேற பாக்கணுமா?"

சிரித்தாள். பிறகு மெதுவாக, பந்து வரும் திசையையே பார்த்தபடி கேட்டாள்.

"எத்தனை?"

எனக்குப் புரிந்துவிட்டது. என் இடுப்புக்குப் பக்கத்தில், கீழே, அந்த நிழலுக்குள் அவள் விரல்களை நீட்டிக்கொண்டிருக்கிறாள். தலையைத் திருப்பினால் வலது கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஆனால் அவ்வளவு தூரம் திருப்பவேண்டியிருந்தது என்பதையே அவள் கவனிப்பாள். திருப்பாமல், "மூணு" என்றேன்.

"நான் கையே நீட்டலடி."

த்ரோ எடுத்தாயிற்று. அந்தப் பந்து எங்கே போனது என்று எனக்கு இன்றுவரை ஞாபகம் இல்லை. நான் அவளிடம், வாயைத் திறந்தால் நடப்பதே வேறு என்றேன். என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. அவள் ஓடிவிட்டாள்.

அதன்பின் பதினைந்து நிமிடத்துக்கு மேல் முதல் பாதி பாக்கி இருந்தது. அவள் தன் கோச்சிடம் போய்ச் சொல்வாள், நாலு பேர் இடது பக்கமாக என் மேல் பாய்வார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. அவர்களுடைய கோச் தானாகவே கண்டுபிடித்திருந்தார், இடது பக்கம் நான் திணறுகிறேன் என்று. காரணம் தெரியாது, அவ்வளவுதான். "எடகடெ, எடகடெ" என்று கன்னடத்தில் இடது பக்கத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினார். அவள் காதில் விழாத மாதிரி வலது பக்கமாகவே வந்தாள். நேர் முன்னால், எனக்குத் தெரிகிற மாதிரி வந்து நின்றாள். நாற்பதாவது நிமிடத்தில் உயரமாக வந்த ஒரு பந்துக்கு நாங்கள் இருவரும் எம்பியாகவேண்டும். தலையும் தலையும் மோதும் என்று தயாரானேன். அவள் எம்பவில்லை, இரண்டடி பின்னால் போய்விட்டாள். நான் தலையால் தட்டிவிட்ட பந்து எங்கள் முன்னணிக்காரியிடம் போய்க் கோல் ஆனது.

எல்லோரும் வந்து என் மேல் விழுந்தார்கள். இடது கண்ணில் மின்னல்கள் வரிசையாக வெட்டின. நிழல் மேலே ஏறியிருந்தது. முந்தின நாள் காலையில் சோப்புப் பெட்டி அளவு இருந்தது, இப்போது ஆட்களின் தோள்வரை வந்துவிட்டது. ஆனால் நான் நினைத்தது கண்ணைப் பற்றி இல்லை. கேலரியில் இருந்தவர் இதையும் எழுதியிருப்பார் என்றுதான்.

இடைவேளை விட்டார்கள். இரண்டு அணியின் அறைகளும் ஒரே நடைபாதையில் எதிரெதிரே. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது எட்டாம் நம்பர் எங்கள் அறை வாசலில் வந்து நின்றாள். எதிரணி ஆள் இடைவேளையில் இன்னோர் அணியின் அறைக்கு வருவது வழக்கம் இல்லை. அவள் யாரையும் பார்க்காமல் பிசியோ அக்காவிடம் சொன்னாள், இவளுக்கு இடது கண் தெரியவில்லை, ஒரு கண்ணை மூடிச் சோதித்துப் பாருங்கள் என்று.

நான் எழுந்து கத்தினேன்.

"என்ன வெளிய ஒக்கார வெச்சிட்டு அந்த எடத்த நீ புடிக்கத்தான இந்த நாடகம்? பதினஞ்சு நிமிசமா தெரியுமில்ல, அப்பவே சொல்றதுதான?"

நடைபாதை முழுக்கக் கேட்டிருக்கும். அவள் முகம் சிவந்தது. குரலை மட்டும் உயர்த்தவில்லை.

"அப்பிடியே வெச்சிக்கோ. வலது கண்ண மூடி அக்கா கைல எத்தினி விரல்னு சொல்லு. சொல்லிட்டா நான் உன் கால்ல உழுந்துட்டுப் போறேன்."

பிசியோ அக்கா என் வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார். அவர் நெற்றி தெரிந்தது. மூக்கு பாதிவரை தெரிந்தது. அதற்குக் கீழே யாருமில்லை. விரல்களை எங்கே வைத்திருக்கிறார் என்றே தெரியவில்லை. அக்கா கையை எடுத்துவிட்டுக் கோச்சைப் பார்த்து முடியாது என்று தலையாட்டினார். கோச் அரை நிமிடம் சுவரைப் பார்த்தார். ஒரு கோல் முன்னணியில் இருந்த ஆட்டம், என்னிடத்தில் இறக்குவதற்குச் சரியான ஆள் இல்லை. பிறகு என்னைப் பார்க்காமலே வேறொருத்தியின் பெயரைச் சொன்னார்.

அக்காவுடன் மைதானத்தின் ஓரமாக நடந்து கேட்டுக்கு வந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. எட்டாம் நம்பர் களத்தில் இல்லை. அவர்களுடைய மாற்று ஆட்டக்காரிகளோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஏன் என்று தோன்றவில்லை. தோன்றும் நிலையிலும் நான் இல்லை.

கண் மருத்துவமனையில் டியூட்டியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். சொட்டு மருந்து விட்டு, தலையைக் கருவியில் வைத்து நெடுநேரம் பார்த்தார். எப்போது அடிபட்டது என்று கேட்டார், சொன்னேன். இன்றைக்கு என்ன செய்தீர்கள் என்றார். ஒரு பாதி ஃபுட்பால் ஆடினேன், தலையால் ஒரு பந்து தட்டினேன் என்றேன். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்ணின் பின்சுவரிலிருந்து விழித்திரை உரிந்து வருகிறது, எழுத்தும் முகமும் பார்க்கிற நடுப்பகுதி மட்டும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, உரிந்த விளிம்பு அதற்கு மிக அருகில் இருக்கிறது என்றார். இன்னொரு பாதி ஆடியிருந்தால் என்று கேட்டேன். வீட்டிலிருந்து யாரையாவது வரச்சொல்லுங்கள் என்றார். மறுநாள் காலை முதல் ஆளாக அறுவை சிகிச்சை செய்தார்கள்.

கண்ணுக்குள் வாயுவை நிரப்பியிருந்ததால் ஒரு வாரம் தலையைக் குனிந்தே வைத்திருக்கவேண்டும். குப்புறப் படுக்கவேண்டும், உட்கார்ந்தாலும் தரையைத்தான் பார்க்கவேண்டும். மூன்றாம் நாள் எங்கள் கோல்கீப்பர் வந்து நடந்ததைச் சொன்னாள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று முடிந்ததாம். நடைபாதையில் நான் கத்தியது அவர்களுடைய கோச் காதில் விழுந்திருக்கிறது. பதினைந்து நிமிடமாகத் தெரிந்தும் தன்னிடம் சொல்லாமல், இடது பக்கம் போகவும் செய்யாமல், உயரப் பந்துக்கும் எம்பாமல் ஒரு கோலை விட்டுக்கொடுத்துவிட்டாள் என்று அவளை அங்கேயே வெளியே உட்காரவைத்துவிட்டார். அவள் என் அறைக்கு வந்ததை மட்டும் அவர் பார்த்திருந்தால் சமாளித்திருப்பாள். அந்தப் பதினைந்து நிமிடத்தை ஊருக்குச் சொன்னது நான்தான். வெளிமாநில கிளப்காரர்கள் எங்கள் இரண்டு பேரையும் விட்டுவிட்டு, வேறொரு ஊரிலிருந்து வேறொரு பெண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தாள். அம்மா நாற்காலி போட்டார். நான் குனிந்தே இருந்ததால் அவள் பாதங்கள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டு கட்டைவிரல் நகங்களும் அடிபட்டுக் கறுத்திருந்தன. எங்கள் தொழிலில் எல்லோருக்கும் அப்படித்தான். அந்த நகங்களைப் பார்த்துக்கொண்டே, நான் கத்தியது தப்பு, மன்னிச்சிடு என்றேன்.

"மன்னிப்பு கேக்கறவ நிமிந்து மூஞ்சியப் பாத்துக் கேக்கணும்."

"நிமிரக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்கடி."

"அப்ப இன்னும் ரெண்டு நாள் இருக்கு. நல்லா யோசிச்சு வெச்சுக் கேளு."

அம்மா சிரித்துவிட்டார். ஏன் உன் கோச்சிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் அந்தப் பக்கமே போய் முட்டச் சொல்லியிருப்பார், முட்டத்தான் வேண்டியிருக்கும் என்றாள். எங்களிடம் உடனே சொல்லாமல் ஏன் இடைவேளைவரை காத்திருந்தாய் என்றேன். "எனக்கும் அந்த எடம் வேணுமில்ல. யோசிச்சிட்டு இருந்தேன்" என்றாள். பாதங்கள் நாற்காலிக்கு அடியில் போயின.

ஏழு மாதம் கழித்து மறுபடி ஆட வந்தேன். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மாநில லீக்கில்தான் இப்போதும் ஆடுகிறேன். தேசிய லீக்கிலிருந்து எங்கள் இருவரையும் பிறகு யாரும் கூப்பிடவில்லை. இடது கண் செய்தித்தாளின் சின்ன எழுத்துக்குச் சற்றே தடுமாறும், மற்றபடி பழுதில்லை. அடுத்த சீசனில் அவள் கிளப் மாறினாள். மாறித்தான் ஆகவேண்டியிருந்தது. அதைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தைகூட என்னிடம் குறையாகச் சொன்னதில்லை.

இப்போதும் யாராவது எனக்கு நல்லது சொன்னால், இதில் இவர்களுக்கு என்ன லாபம் என்று மனது முதலில் கணக்குப் போடத்தான் செய்கிறது. ஆனால் தனக்கும் லாபம் இருக்கிறது என்று தெரிந்து, அதை யோசித்துப் பார்த்து, அதற்குப் பிறகும் ஒருத்தி எதிரணி அறையின் வாசலில் வந்து நின்றதை நான் பார்த்திருப்பதால், அந்தக் கணக்கை இப்போதெல்லாம் முடிவுவரை போடுவதில்லை.