அண்ணியின் சிபாரிசு

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றிக் குறைதான் சொல்ல வேண்டும் என்று எங்கோ சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள் போல. நான் அதை மீறப் போகிறேன். என் அண்ணிக்குத் திமிர் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆமாம், திமிர்தான். அதனால் எங்கள் வீட்டுக்கு என்ன போனது என்று தெரிந்துகொண்டு அப்புறம் பேசட்டும்.

அண்ணிக்கு ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. முன் கவுன்டரில் உட்கார்ந்து பெயர் கேட்டு, டோக்கன் கொடுத்து, சின்னக் குழாய்களில் ஸ்டிக்கர் ஒட்டுவாள். வெறும் வயிற்றோடு வந்து காத்திருப்பவர்கள் எல்லோரும் அவள்மேல்தான் எரிந்து விழுவார்கள். கூட்டம் வடிந்த பிறகு போனை எடுத்துக் கட்டுரை படிப்பாள். பெரிய பத்திரிகைகளில் வருவதல்ல. பின்னால் யாருடைய தயவும் இல்லாமல், பிழைப்பையும் பார்த்துக்கொண்டு, இணையத்தில் சொந்தமாக ஒரு பக்கம் வைத்து எழுதுகிறார்களே, அவர்கள் எழுதுவது.

அதில் மனதுக்குப் பிடித்த ஐந்தை மாதா மாதம் பொறுக்கித் தன் பக்கத்தில் போடுவாள். தலைப்பு, 'என் சிபாரிசு'. ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு வரி எழுதுவாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஒரு பெண், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கைப் பற்றி எழுதியிருந்தார். அதற்கு அண்ணி எழுதியது: "முதல் இரண்டு பத்தியைத் தாண்டிவிடுங்கள். மூன்றாவதில்தான் இவருக்குத் தூக்கம் கலைகிறது. அப்புறம் நமக்குத் தூக்கம் வராது." ஒரு குடியிருப்பின் வாசலில் காவல் காக்கிறவர், நாற்காலி போட அனுமதிக்காத வேலைகளைப் பற்றி எழுதினார். அதற்கு: "இவர் சொல்வதில் பாதியை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் இதைப் படித்ததிலிருந்து கடையில் நின்றுகொண்டே இருக்கும் பெண்களின் காலைப் பார்க்கிறேன்." அந்தக் காவலாளியை அவள் நேரில் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை.

'சிபாரிசு' என்ற வார்த்தைதான் வம்பு. நம் ஆட்கள் காதில் அது விழுந்தால் புத்தி நேராக வேலைக்கும் மாற்றலுக்கும்தான் ஓடும். ஒரு நாள் ஒருவர் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். அண்ணி டோக்கனை நீட்டினாள். அவர் ஃபைலை நீட்டினார்.

"நீங்கதானே சிபாரிசு பண்ற மேடம்? என் சர்டிபிகேட் எல்லாம் இதுல இருக்கு."

"ஐயா, நான் கட்டுரைக்குத்தான் சிபாரிசு பண்றேன்."

"கட்டுரைக்கா? யார்கிட்ட?"

"படிக்கிறவங்ககிட்ட."

அவர் ஃபைலை மூடிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ உங்களால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். இதே கேள்வியை என் அண்ணன் வாயிலிருந்து கேட்க வேண்டி வரும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அண்ணனுக்கு ஒரு கம்பெனியின் கிடங்கில் வேலை. வெகு தொலைவில் இருக்கும் கிளைக்கு அவனைத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். சனிக்கிழமை ராத்திரி வருவான், ஞாயிறு சாயங்காலம் கிளம்பிவிடுவான். அவன் மகளுக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை. மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தான். அது மேனேஜர் கையில் இருந்தது. அந்த மேனேஜரும் இணையத்தில் கட்டுரை எழுதுகிறவர் என்பதுதான் எங்கள் கெட்ட நேரம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, "இந்தப் பக்கமா வந்தேன்" என்று வீட்டுக்கே வந்துவிட்டார். அண்ணன் ஓடி ஓடி ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தான். மனுஷன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணியைப் பார்த்துச் சிரித்தார்.

"உங்க பக்கத்தை எங்க ஆபீஸ்ல நிறைய பேர் படிக்கிறாங்க மேடம். நானும் உங்க ஆளுங்க மாதிரிதான், தனியா எழுதறேன். என்னோட ஒண்ணை அடுத்த மாசம் சேர்த்துடுங்களேன். நீங்க எனக்கு ஒரு சிபாரிசு பண்ணுங்க, நான் இவருக்கு ஒரு சிபாரிசு பண்றேன். கணக்கு சரியாப் போச்சு."

அண்ணன் சிரித்தான். நான்கூடச் சிரித்துத் தொலைத்தேன். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை.

"படிச்சுப் பார்க்கறேன் சார்," என்றாள்.

படித்தாள். பாவம் பார்த்து இரண்டு தடவை படித்தாள். தலைப்பு 'வெற்றியின் விடியல்'. வாழ்க்கை ஒரு பயணம் என்று ஆரம்பித்து, கடைசி வரை அந்த வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. நடுவில் ஒரே ஒரு வரி நன்றாக இருந்தது. முதல் இன்டர்வியூவுக்குப் போகும்போது அவருடைய அப்பா தன் செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வெறும் காலோடு வீட்டுக்குத் திரும்பிப் போனாராம். அண்ணி அவருக்கு போன் போட்டாள்.

"சார், அந்தச் செருப்பு வரியை வெச்சு மட்டும் எழுதுங்க. மத்ததை எடுத்துடுங்க. நல்லா வந்தா நானே போடறேன். இப்போ இருக்கறதைப் போட மாட்டேன்."

"பார்க்கலாம் மேடம்," என்று வைத்துவிட்டார். அடுத்த வாரம் அண்ணனுடைய விண்ணப்பம் 'இப்போதைக்கு இல்லை' என்று திரும்பி வந்தது.

அந்த ஞாயிறு வீட்டில் நடந்ததை நான் மறக்க மாட்டேன். "உன் பக்கத்துல ஒரு இடம்! ஒரே ஒரு இடம்! கொடுத்திருந்தா என்ன குறைஞ்சு போயிருக்கும்? உன்னால யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அண்ணன் கத்தினான்.

"அது என் இடம் இல்லீங்க. படிக்கிறவங்க என்னை நம்பி விட்ட இடம். எனக்கும் நீங்க இங்க இருக்கணும்னு ஆசை இல்லையா? குழந்தை கேட்கும்போதெல்லாம் நான்தானே பதில் சொல்றேன்?" என்று அண்ணியும் கத்தினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, குரல் மட்டும் இறங்கவே இல்லை. "இதை வெச்சு உங்களை வாங்கிட்டு வந்தா, அப்புறம் நான் எதைச் சொன்னாலும் அது பொய்."

எனக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியவில்லை. சொந்த அண்ணன். மனசு கேட்கவில்லை. ஆனாலும், "அண்ணா, அந்தாளு மாற்றலை விக்கறான். அவனைத் திட்டாம அண்ணியை ஏன் திட்டற?" என்று கேட்டே விட்டேன். அவன் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பல வாரம் அண்ணியோடு சரியாகப் பேசவில்லை. அண்ணி தன் பக்கத்தை நிறுத்தவில்லை. அந்த மாதமும் அதில் ஐந்து பேர் வந்தார்கள், மேனேஜர் வரவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை அண்ணன் போனை அண்ணியிடம் நீட்டினான். பஸ்ஸிலேயே உட்கார்ந்து ஒரு கட்டுரை எழுதியிருந்தான். 'கடைசி சீட்டு' என்று புனைபெயர். தலைப்பு, 'ஞாயிறு சாயங்காலப் பஸ்'. தனக்கென்று ஒரு பக்கம் ஆரம்பித்து அதில் போட்டும் விட்டிருந்தான். அண்ணி படித்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "ஆனா நான் போட மாட்டேன்."

"தெரியும். அவருக்கு இல்லைன்னுட்டு எனக்குப் போட்டா அவர் சொன்ன கணக்கு சரின்னு ஆயிடும்," என்றான் அண்ணன். போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நீ நல்லா இருக்குன்னு சொல்றதும் சேர்த்தி இல்ல. பொண்டாட்டி வேற என்ன சொல்லுவா?" என்றான். நான் நல்லா இருக்கு என்று சொன்னாலும், தங்கச்சி வேற என்ன சொல்லுவா என்பான்.

போன மாதம் அந்தக் காவலாளியும் தான் படித்ததில் பிடித்தவற்றைத் தன் பக்கத்தில் போட ஆரம்பித்தார். அண்ணி சமையலறையில் நின்றபடியே அதைப் படித்தவள், போனை என் கையில் கொடுத்தாள். முதல் கட்டுரையே 'ஞாயிறு சாயங்காலப் பஸ்'. கீழே இப்படி எழுதியிருந்தார்: "எழுதியவர் யார் என்று தெரியாது. நடை கரடுமுரடுதான். ஆனால் பஸ் கிளம்பும்போது மகளுக்குக் கையாட்டினால் அழுகை வந்துவிடும் என்று பயந்து, போனைப் பார்ப்பதுபோல நடிக்கிறாரே, அந்த இடத்தில் நான் கேட்டைத் திறக்க மறந்துவிட்டேன். கார்க்காரர் ஹார்ன் அடித்தார். அடிக்கட்டும்."

அதற்குள் அதைப் பார்த்துவிட்ட அண்ணனிடமிருந்து போன். அண்ணி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீ சொல்லி வெச்சியா?"

"நான் யார்கிட்டயும் வாயே திறக்கலைங்க."

"அப்போ தங்கச்சி சொன்னாளா?"

"நானும் இல்லைண்ணா," என்றேன்.

பின்னால் கிடங்கில் லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம் கேட்டது. மாற்றல் இன்னும் வரவில்லை. அந்த மேனேஜர் இருக்கும்வரை வரப்போவதும் இல்லை.

"யாரோ ஒருத்தர்," என்றான் அண்ணன். மூக்கை உறிஞ்சினான். "நான் யாருன்னே அவருக்குத் தெரியாது. ஏய், அந்த மேனேஜருக்கு இப்படி ஒரு சிபாரிசு கிடைக்கவே கிடைக்காது, இல்ல?"

"கிடைக்காது," என்றாள் அண்ணி.