தோலுக்கு அடியில் இருந்த விரிசல்

சமீருல்லா பாய் மரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கையிலிருக்கும் டீ ஆறி ஆடை கட்டிவிடும். "என் கையில ஒரு மரம் ஒடஞ்சதுன்னு இந்த ஆம்பூர்ல எவனாவது சொல்லட்டும், அன்னிக்கே தொழில விட்டுடறேன்" என்பார். யாரும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான்.

பாய் பதினாலு வருஷம் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் பாய்லர் பார்த்தவர். டேனரி மூடியதும், தனக்குத் தெரிந்தது ஆவி ஒன்றுதான் என்று அதை வைத்தே மரம் வளைக்க இறங்கிவிட்டார். பலகையில் செய்த நீளப் பெட்டி, பக்கத்தில் தண்ணீர் கொதிக்கும் இரும்பு டிரம், இரண்டுக்கும் நடுவில் ஒரு குழாய், அவ்வளவுதான் பட்டறை. ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு மணி நேரம் ஆவி காட்ட வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்த அரை நிமிஷத்துக்குள் அச்சில் வைத்து வளைத்துவிட வேண்டும், அதற்குமேல் போனால் மரம் முறைத்துக்கொள்ளும். பெங்களூர் ஹோட்டல்களுக்கு நாற்காலி, ஏலகிரியில் கட்டும் பங்களாவுக்கு வில் மாதிரி கூரைச் சட்டம் என்று ஆர்டருக்குக் குறைவில்லை. நான் ஷூ கம்பெனியில் பத்து வருஷம் தையல் மிஷின்மேல் குனிந்து கிடந்துவிட்டு இங்கே வந்தவள். பாய் வளைத்த கைப்பிடிகளுக்குத் தோல் சுற்றித் தைப்பது என் வேலை. கோபம் வந்தால் பாய் மரத்தைத் திட்டுவாரே தவிர மனுஷரைத் திட்டமாட்டார். அந்த ஒன்றுக்காகவே இந்த வேலையை நான் விடவில்லை.

போன ஐப்பசியில் பள்ளிகொண்டாவிலிருந்து சோபனா டீச்சர் வந்தார். அவருடைய அப்பா வேதாசலம் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர். இடுப்பில் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள், கையை ஊன்றித் தானே எழுந்து நிற்கிற மாதிரி உயரமான நாற்காலி ஒன்று வேண்டும். இரண்டு வாரம்தான் இருந்தது.

"பாய், அப்பாவுக்கு யாராச்சும் தூக்கிவுட்டாப் புடிக்காது. முப்பது வருஷம் ஓடுற பஸ்ல நின்னவரு" என்றார் டீச்சர்.

"நீங்க போங்க டீச்சர். அவரு எழுந்துக்கறது என் பொறுப்பு" என்றார் பாய்.

அந்த வாரம் ஓயாத மழை. பாய் வளைப்பது எப்போதும் பச்சை வாடை போகாத பூவரசு. ஒடுகத்தூரிலிருந்து வர வேண்டிய லோடு வரவில்லை. பட்டறை மூலையில் இரண்டு வருஷமாகக் காய்ந்து கிடந்த பலகைதான் இருந்தது. காய்ந்த மரம் வளையாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர் அவர். அன்றைக்கு, "இன்னும் ஒரு மணி நேரம் ஜாஸ்தி காட்டுனா தன்னால வரும்" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

வளைக்கும்போது மரத்தின் வெளிப்பக்கம் பிளக்காமல் இருக்க, நீளத்துக்கு ஓர் இரும்புப் பட்டையைச் சேர்த்துப் பிடிப்போம். வலது கைப்பிடியை வளைத்தபோது 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நான் பாயைப் பார்த்தேன். பாய் பட்டையைப் பார்த்தார்.

"பட்டை ஒக்காந்த சத்தம்" என்றார்.

வளைத்த மரம் பட்டையோடு அச்சிலேயே பத்து நாள் காய வேண்டும். உள்ளே என்ன ஆனது என்று அதற்கு முன்னால் தெரியாது. பதினோராம் நாள் பட்டையைக் கழற்றினோம். வளைவின் வெளிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு விரிசல். இனி வேறு வளைக்க நாள் இல்லை. இன்னும் பத்து நாள் பொறுங்கள் என்று ஒரு போன் போட்டிருந்தால் டீச்சர் ஒன்றும் தலையை வாங்கியிருக்கமாட்டார். ஆனால் அந்த போனில், மரம் உடைந்துவிட்டது என்று பாய் தன் வாயால் சொல்ல வேண்டுமே!

மரத்தூளைப் பசையில் குழைத்து விரிசலை அடைத்தார், இறுக்கிக் கட்டினார், காய்ந்ததும் இழைத்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "ரெண்டு கைப்பிடிக்கும் தோல் போட்டுடு ஜோதி" என்றார்.

"இது தாங்குமா பாய்?"

"தாங்கும்."

நல்ல தோலாகத் தேடி எடுத்தேன். இன்னும் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அதைவிட நேர்த்தியாக நான் எதையும் தைத்ததில்லை. எந்த நாற்காலியானாலும் அனுப்பும் முன் அதில் உட்கார்ந்து ஒரு டீ குடிப்பது பாயின் வழக்கம். அன்று நின்றுகொண்டே குடித்தார். வேனில் ஏற்றியபோது சோபனா டீச்சர் கைப்பிடியைத் தடவிப் பார்த்து, "தையல் இன்னா அழகா இருக்கு!" என்றார். நானும் பல்லைக் காட்டினேன்.

இருபது நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். அப்பா எழும்போது கைப்பிடி முறிந்து விழுந்துவிட்டார், மணிக்கட்டில் எலும்பு முறிவு. பாய் ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது. டீச்சர் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவரோ, "உங்கள ஒண்ணும் சொல்லல பாய். அவருதான் மொத்த கனத்தையும் ஒரே கையில போட்டுட்டாரு" என்றார். பாய் அன்று டிரம்முக்கு அடியில் தீ மூட்டவில்லை. மறுநாள் காலை, "பள்ளிகொண்டா வரைக்கும் போய்ட்டு வரலாம், வர்றியா?" என்றார். போனேன்.

வேதாசலம் சார் கட்டிலில் சாய்ந்திருந்தார். வலது கையில் மாவுக்கட்டு. எங்களைப் பார்த்ததும் அவர்தான் முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க பாய். உங்க கைவேலைய கெடுத்துட்டேன். ஒடம்புல தெம்பு இல்லாதவன் வீம்புக்கு எழுந்துக்கக் கூடாது. எனக்கு இனிமே கட்டில்தான்."

"விழுந்ததுலேர்ந்து கால கீழ வெக்கறதே இல்ல. டாக்டர் நடக்கச் சொல்றாரு, கேக்கமாட்றாரு. நானும் தெனம் திட்டித் தீக்கறேன், யாரக் கேட்டு ஒரே கைய ஊனுனேன்னு" என்றார் டீச்சர்.

மணிக்கட்டு ஒரு மாதத்தில் கூடிவிடும். ஆனால் எங்கள் பொய்யால் அந்த மனுஷர் தன் உடம்பின்மேல் இருந்த நம்பிக்கையையே விட்டுவிட்டார்.

பாய் மூலையில் கிடந்த உடைந்த கைப்பிடியை எடுத்துவந்து கட்டிலருகே தரையில் உட்கார்ந்தார். பையிலிருந்து கத்தியை எடுத்து என் தையலை ஓரத்தில் அறுத்துத் தோலை உரித்தார். இப்போது முறிந்த இடத்தில் மரம் வெளுப்பாகத் தெரிந்தது. அதற்கு மேலே விரல் நீளத்துக்குக் காய்ந்த பசையும் தூளும்.

"இத பாருங்க சார். பசை போட்ட எடம் இது. உங்க வூட்டுக்கு வர்றதுக்கு முன்னாலயே ஒடஞ்ச மரம். எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் மூடி அனுப்பினேன். நீங்க ஒழுங்காத்தான் எழுந்தீங்க. உங்க ஒடம்புல ஒரு குத்தமும் இல்ல."

சார் அந்தக் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் சிவந்தது. இடது கையைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினார். டீச்சர் பிடிக்க ஓடுவதற்குள் எழுந்து நேராக நின்றுவிட்டார்.

"வெளிய போய்யா" என்றார்.

பாய் கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தபடி போனார். நானும் கிளம்பினேன். சார் என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். நின்றபடியேதான் இருந்தார். கால் நடுங்கியது, ஆனால் உட்காரவில்லை.

"உன் தையல்ல ஒரு கொறையும் இல்லம்மா. பாவம், உன்னையும் சேத்து ஏமாத்தியிருக்கான்."

எனக்கும் தெரியும் சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் தலையை ஆட்டிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

ஆம்பூர் பஸ்ஸில் பாய் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். மாதனூர் தாண்டும்போது அவரிடம் சொன்னேன்: "எனக்கும் தெரியும்னு நான் அங்க சொல்லியிருக்கணும் பாய்."

"நீ ஏன் சொல்லணும்? மரம் என்து."

"தையல் என்து."

யாருக்கு வேண்டுமோ அவரிடம் சொல்லாமல், யாருக்கும் உதவாத பஸ்ஸில் சொன்னேன்.

பாய் தொழிலை விடவில்லை. ஆனால் அந்தப் பெருமைப் பேச்சு நின்றுபோயிற்று. டீ சூடாகவே குடிக்கிறார். போன வாரம் சோபனா டீச்சர் எனக்குப் போன் செய்தார். அப்பா இப்போது கோயில் வாசல் வரைக்கும் தானே நடந்து போய் வருகிறாராம். புது நாற்காலி ஒன்று வேலூரில் சொல்லியிருக்கிறார்களாம், கைப்பிடிக்குத் தோல் போட வேண்டுமாம்.

"அந்த பாய் பேர எடுத்தாலே அப்பா பேஜாராயிடறாரு. தோல் மட்டும் ஜோதிதான் போடணும், அதுதான் நல்ல பொண்ணுங்கறாரு. வர்றியா?"

"வர்றேன் டீச்சர்" என்றேன்.