நின்றுபோன கிறைண்டர்

யுத்தகாலத்தில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டோம். பெரியவர்களுக்குச் செய்தி வேண்டும். எனக்கோ, சுற்றுவதை நிறுத்தினால் குரல் ஏன் நிற்கிறது என்று தெரிய வேண்டும். டைனமோவைக் கழற்றினேன். பூட்டத் தெரியவில்லை. அடி விழுந்தது. இருட்டும்வரை இருந்து பூட்டினேன்.

எட்டாம் வகுப்போடு, இடம்பெயர்வில் படிப்பு முடிந்தது. கழற்றிப் பார்க்கும் பழக்கம் முடியவில்லை. அவுஸ்திரேலியாவுக்குப் படகில் வந்து, மெல்பேர்னில் கோழி வெட்டி, சிட்னியில் பெயின்ட் அடித்து அலைந்தபோதும் அது கூடவே வந்தது.

போன குளிர்காலம் சிட்னியின் பிளாக்டவுன் பகுதியில் ஓர் அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தேன். ஹரிஸ் பார்க்கில் உள்ள கடை ஒன்றுக்குத் தோசைமாவு கொடுக்க அவருக்கு முதல் ஓடர் கிடைத்திருந்தது. சனிக்கிழமை மாவு போகாவிட்டால் கடைக்காரர் வேறு ஆளைப் பார்ப்பார். குளிரில் மாவு புளிக்க நேரம் எடுக்கும். வெள்ளி காலையே அரைத்தாக வேண்டும். வியாழக்கிழமை கிறைண்டரின் பெல்ட் அறுந்தது. இந்தியாவிலிருந்து வந்த கிறைண்டர். அந்த அளவு பெல்ட் எந்தக் கடையிலும் இல்லை.

என் கை தானாகச் சைக்கிள் ரியூப்பைத் தேடியது. பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்த எங்களுக்கு எது உடைந்தாலும் முதல் மருந்து அதுதான். வளையமாக வெட்டி மாட்டினேன். வெறும் கல் சுழன்றது. உழுந்தைப் போட்டதும் கல் நின்று மோட்டர் மட்டும் ஓடியது.

“உம்மட யாழ்ப்பாணத்து இன்ஜினியரிங் இங்க சரிவராது தம்பி. மாவு இல்லையெண்டு கடைக்காரருக்குச் சொல்லிப்போடட்டோ?” என்றார் அன்ரி.

“நாளைக்குக் காலமை மட்டும் பொறுங்கோ, அன்ரி.”

ரியூப் அறவில்லை, இழுபட்டு வழுக்கியது. அப்படியானால் இழுபடாத பெல்ட் வேண்டும். அது, வீடுகள் வெளியே வைக்கும் பழைய சாமான்களைக் கவுன்சில் லொறி ஏற்றிப்போகும் வாரம், வாசல்தோறும் குவியல்கள். தெருத்தெருவாக நடந்து, எறிந்திருந்த வாஷிங் மெஷின்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றில் நல்ல பெல்ட் இருந்தது. நீளம்தான் கூட. மோட்டரைக் கழற்றி, தள்ளிப் புதுத் துளை போட்டுப் பூட்டினேன்.

வெள்ளி காலை உழுந்தோடு கல் சுழன்றது. அன்ரி மாவைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். கிறைண்டருக்குள் ஏதோ கீச்சிட்டது.

“அன்ரி, ஒருக்கா நிப்பாட்டுங்கோ. என்னெண்டு பாப்பம்.”

“கையை எடும்! மாவு கடைக்குப் போகட்டும். பிறகு இந்த வீட்டையே கழட்டும்.”

சனிக்கிழமை மாவு போனது. வாளிகளைக் காரில் ஏற்றிவிட்டு வந்து கிறைண்டரைக் கவிழ்த்தேன்.